கருவாயனுக்குப் போட்ட ஊசி

வேலமரத்து நிழல் நகர நகர, அதன் கீழே நின்றவர்களும் நாய்களைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். விடிந்ததிலிருந்து நிற்கிறார்கள். நாய்கள் முதலில் ஒன்றையொன்று பார்த்து உறுமின. பிறகு கடித்துக்கொண்டன. பிறகு வெயிலில் சலித்துப்போய், நாக்கைத் தொங்கப் போட்டுப் படுத்துவிட்டன. ஆட்களால்தான் உட்காரவும் முடியவில்லை. உட்கார்ந்தால் கவுண்டர் கண்ணில் படும்.

கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் செங்கோட்டையக் கவுண்டரின் வாசல். மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த மாட்டு டாக்டர் வரதராஜுலு அங்கே நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்பிரிட் அடுப்பின் மேல் ஊசி கொதித்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. நாய்களுக்கு வெறி பிடிக்காமல் இருக்கப் போடும் மருந்து அதற்குள் இருந்தது. மரத்தூளும் ஐஸ் கட்டியும் அடைத்து, மலையிலிருந்து ரயிலில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் வந்த பெட்டி. அதன் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டி, மண்ணில் ஈரம் பரவிக்கொண்டே போவதைச் சின்னத்தாயி வேலிச் சந்து வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எத்தன நாய்க்குத்தான்டி உள்ள போடறாங்க? கவுண்டர் ஊட்ல ரெண்டு வேட்ட நாய்தான?" என்றாள் பூவாத்தாள். பண்ணையாட்கள் குடியிருக்கும் வளவில் சின்னத்தாயிக்கு அடுத்த குடிசைக்காரி.

"ஒறம்பர நாய்ங்கக்கா. கவுண்டரு மச்சினன் அன்னூர்ல இருந்து வண்டியில ஏத்தியாந்திருக்கறாரு. மில்லு மேனேசரு நாய் வேற வந்திருக்குது. அதுக்குப் போர்வ விரிச்சுப் படுக்க வெச்சிருக்கறாங்க, பாரு."

பூவாத்தாள் சந்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள். "நெசமாலுமே போர்வதான்டி. எங்கூட்டு ஆளுக்குக்கூடப் போர்வ இல்ல. அடுத்த சென்மத்துல இந்த நாயாப் பொறக்கச் சொல்லோணும்."

"இந்தச் சென்மத்துலயே பாதி அப்பிடித்தான இருக்குது உங்கூட்டு ஆளு? சந்தையில குடிச்சுப்போட்டு ரோட்ல உருண்டு, போற வாற ஆளையெல்லாம் புடுங்குச்சாமா. டாக்டர்கிட்டச் சொல்லி அதுக்கும் ஒண்ணு போட்டுக் கூட்டிட்டுப் போ."

நின்றவர்கள் சிரித்தார்கள். "கம்முனு இருங்க. உள்ளார கேக்கப் போகுது" என்றார் ஒருவர். சிரிப்பு நின்றது.

பங்குனியில் வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாக ஒரு வெறிநாய் ஓடியது. ஒரு கன்றுக்குட்டியைக் கடித்தது. பக்கத்து ஊரில் தறி நெய்கிறவர் ஒருவரைக் கடித்தது. அவர் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு, பத்தியம் இருந்து, கடைசியில் தண்ணீர்க் குடத்தைக் கண்டு அலறிச் செத்தார். அதற்குப் பிறகுதான் தாலுக்காவிலிருந்து உத்தரவு வந்தது. ஊசி போட்ட நாய்க்குப் பித்தளைப் பில்லை கொடுப்பார்கள். பில்லை இல்லாத நாயைத் தலையாரி அடித்துக் கொன்றுவிட வேண்டும்.

சின்னத்தாயியும் அவள் புருஷன் மாசாணமும் கவுண்டரின் பண்ணையாட்கள். கரட்டுக் குன்றின் அடியில் இருந்த ஆட்டுப்பட்டி அவர்கள் பொறுப்பு. பகலில் மாசாணம் ஆடு மேய்ப்பான், சின்னத்தாயி காட்டு வேலைக்குப் போவாள். இருட்டியதும் ஆடுகளை மூங்கில் படலுக்குள் அடைத்துவிட்டு இருவரும் பட்டியோரக் காவல் குடிசில் படுப்பார்கள். காவல் காப்பது கருவாயன். உடம்பு செவலை, மூஞ்சி மட்டும் கரிச்சட்டிபோலக் கறுப்பு. நரி கரட்டிலிருந்து இறங்கும்போதே அதற்குத் தெரிந்துவிடும். பட்டியில் ஒரு குட்டி குறைந்தாலும் பண்ணையத்தை விட்டு இறங்க வேண்டியதுதான். போன வருஷம் அப்படித்தான் ஒரு குடும்பம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ஆனைமலைப் பக்கம் போனது. போன இடத்தில் என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியாது.

உள்ளே கவுண்டரின் மனைவி பழனாத்தாள் ஒரு சட்டியில் பழையதைக் கொண்டுவந்து வேட்டை நாய்களுக்கு முன்னால் கொட்டினாள். வாசனை வேலியைத் தாண்டி வந்தது. சின்னத்தாயியின் காலடியில் படுத்திருந்த கருவாயன் எழுந்தது. தலையை ஒரு திருப்புத் திருப்பியது. சின்னத்தாயியின் கையில் வெறும் கயிறு இருந்தது. நாய் வேலிச் சந்தில் புகுந்து வாசலுக்குள் போய்விட்டது.

"ஏய்! கருவாயா! வாடா இக்கட்டால!"

அது வரவில்லை. தினமும் போகிற இடம்தான் அதற்கு. மிச்சம் மீதியைத் தின்றுவிட்டு, சாணி மெழுகிய வாசலில் புரண்டுவிட்டு வரும். சின்னத்தாயி அந்தப் பண்ணையத்திலேயே பிறந்தவள். அந்த வாசலில் அவள் கால் பட்டதில்லை. சந்துக்கு வெளியே நின்று கையைத் தட்டினாள், நாக்கால் சத்தமிட்டாள். மேனேஜரின் நாய் போர்வையிலிருந்து எழுந்து கருவாயனைப் பார்த்துக் கீச்சென்று குரைத்தது.

வரதராஜுலு டாக்டர் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். "இது என்னது? கயிறு இல்லாம! யாரு நாய்ம்மா இது?"

"எசமாங்களுதுங்க, சாமி."

கேட்ட உடனே வாயில் வந்துவிட்டது. டாக்டர் கவுண்டரைத் திரும்பிப் பார்த்தார். கவுண்டர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"ஆமா, பட்டியில கெடக்குது" என்றார்.

"அப்படின்னா இதுக்கும் போட்டுடலாம். இன்னும் ஒண்ணுக்குத்தான் மருந்து இருக்கு." டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். "புடிக்க ஆள் வேணுமே. உனக்குப் பழகின நாயா? உள்ள வாம்மா, வந்து தலையப் புடி."

சின்னத்தாயி நகரவில்லை. கவுண்டரைப் பார்த்தாள்.

"அவ எதுக்குங்க உள்ள?" என்றார் கவுண்டர். "நாய வேலிக்குத் தள்ளச் சொல்லுங்க. அக்கட்டால இருந்தே புடிச்சுக்குவா."

டாக்டரின் சேவகன் கழியை வைத்துக்கொண்டு கருவாயனை வேலிப் பக்கம் ஒதுக்கினான். அது சந்துக்குள் தலையை நுழைத்ததும் சின்னத்தாயி மண்டியிட்டு, கழுத்தைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திப் பிடித்தாள். நாயின் தலை வெளியே இருந்தது, உடம்பு உள்ளே இருந்தது. கிளுவை முள் அவள் முழங்கையில் கிழித்தது. வேலிக்கு அந்தப் பக்கம் டாக்டர் குனிந்து விலாத் தோலைக் கொத்தாகப் பிடிப்பது இலைகளுக்கு நடுவே தெரிந்தது. நாயின் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடி அவள் மார்பில் முட்டியது.

"ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல. முடிஞ்சுபோச்சு" என்றாள்.

சேவகன் பில்லைகளைக் கவுண்டர் கையில் கொடுத்தான். கவுண்டர் அதில் ஒன்றை எடுத்து வேலிக்கு மேலே வீசினார். அது சின்னத்தாயியின் காலடியில் புழுதியில் விழுந்தது. அவள் எடுத்து முந்தானையில் துடைத்து, கயிற்றில் கோத்துக் கருவாயன் கழுத்தில் கட்டினாள்.

டாக்டர் வெளியே வந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் மரத்தடியில் இருந்தவர்கள் நாய்களை எழுப்பி நிறுத்தினார்கள். பூவாத்தாள் தன் நாய் மணியனின் இரண்டு காதுகளையும் பிடித்துத் தூக்கிக் காட்டினாள்.

"மருந்து தீந்துபோச்சு" என்றார் டாக்டர்.

பூவாத்தாள் மணியனின் காதுகளை விட்டாள்.

"எனக்கு வந்ததே அவ்வளவுதான். நானா வெச்சுக்கிட்டு இல்லைங்கறேன்? எழுதிப் போட்டிருக்கேன். வந்தாச் சொல்லி அனுப்பறேன்."

"அதுவரைக்கும் தலையாரி வர மாட்டாருங்ளா சாமி?" என்று பூவாத்தாள் கேட்டாள்.

"அது என் கையில இல்லம்மா." வண்டி திரும்பியது. காலிப் பெட்டியைக் கவிழ்த்துச் சேவகன் ஈர மரத்தூளைச் சாலையோரம் கொட்டினான். நாய்கள் போய் அதை மோந்து பார்த்தன.

தலையாரி அங்கப்பன் சந்தை நாளைக்கு மறுநாள் வளவுக்கு வந்தார். வேப்பந்தடி ஒன்று, சுருக்குக் கயிறு ஒன்று. அவருக்கும் அந்த வேலை பிடிக்கவில்லை. ஒவ்வொரு குடிசைக்கு முன்னாலும் நின்று, "நானென்ன பண்றது, சொல்லு? என்னிய வையாத" என்று சொல்லிவிட்டுத்தான் கயிற்றை வீசினார். பூவாத்தாள் மணியனைச் சோளத்தட்டுப் போருக்குள் தள்ளி, முன்னால் தட்டைக் குவித்து மூடியிருந்தாள். ஆள் அரவம் கேட்டதும் உள்ளேயிருந்து அது உறுமியது. அங்கப்பன் தட்டை விலக்கினார்.

முடிந்ததும் தடியைத் தட்டிலேயே துடைத்துக்கொண்டு அடுத்த குடிசைக்குப் போனார். பட்டிப் பக்கம் வந்தபோது கருவாயன் கழுத்துப் பில்லையைக் கையில் ஏந்திப் பார்த்தார். "இது பண்ணையத்து நாய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று களைக்காட்டில் பூவாத்தாள் சின்னத்தாயிக்குப் பக்கத்து வரிசையில் உட்காரவில்லை. நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்து, களைக்கொத்தை மண்ணில் ஓங்கி ஓங்கிப் போட்டாள்.

"எசமாங்க நாய்க்கு என்னடி கேடு?" என்று பொதுவாகச் சொன்னாள். "கழுத்துல பித்தளையக் கட்டிட்டு மிராசு மாதரத் திரியுது. நாமதான் கூறு கெட்டவிய. எங்க நாய்ங்க, எங்க நாய்ங்கன்னு அங்க போயி நின்னோம்."

"நான் ரோசன பண்ணியாக்கா சொன்னேன்?" என்றாள் சின்னத்தாயி. "வாயில வந்துருச்சு."

"எனக்கு வரல பாரு. அதான் எங் கெரகம்."

"உன்னியக் கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப? எந் நாயின்னா சொல்லியிருப்ப, கவுண்டரு மூஞ்சிக்கு நேரா?"

பூவாத்தாள் களைக்கொத்தை நிறுத்தினாள். ஒரு பருத்திச் செடியின் அடியில் மண்ணை அணைத்தாள். பிறகு மறுபடி கொத்த ஆரம்பித்தாள்.

வைகாசியில் கவுண்டரின் மாப்பிள்ளை திருமூர்த்தி கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்தார். அங்கே அவருக்கு வாய்க்கால் பாசனத்தில் வாழையும் நெல்லும். அந்தப் பக்கமும் நாய்களையெல்லாம் அடித்துவிட்டார்களாம். குலை தள்ளிய வாழைத்தோப்பில் காவலுக்கு நாயில்லாமல் தினமும் திருட்டு. மாமனாரும் மருமகனும் பேசிக்கொண்டே பட்டிக்கு நடந்து வந்தார்கள். மாசாணம் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றான். சின்னத்தாயி படலுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"இதுதானுங்களா மாமா?"

"இதுதான். நல்ல நாய். வேட்ட நாயக் குடுத்தா உனக்கு ஆகாது மாப்பிள்ள. அது தோப்புல கெடக்காது. இது போட்ட எடத்துல கெடக்கும். பில்லையும் இருக்குது, ஒரு பயலும் கைய வெக்க முடியாது." கவுண்டர் மாசாணத்தைப் பார்த்தார். "டேய், வண்டியில கொண்டுபோயி இதக் கட்டு."

சின்னத்தாயி படலுக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

"சாமி, அது எங்க நாய்ங்க."

"என்ன?"

"கண்ணு முழிக்காத குட்டியில இட்டேரியில கெடந்துச்சுங்க. நாந்தானுங்க எடுத்தாந்து ஆட்டுப்பால் நனச்ச துணியச் சப்பக் குடுத்து வளத்தினேன்."

"ஆட்டுப்பாலா? எந்த ஆடு?"

அவள் நிறுத்திக்கொண்டாள். ஆடுகள் கவுண்டருடையவை.

"டாக்டரு கேட்டப்ப யாரு நாயின்னு சொன்ன?" என்றார் கவுண்டர். சத்தம் போடவில்லை. "நானா சொன்னேன்? நீதான சொன்ன?"

"சொன்னனுங்க. ஆனாலும்..."

"என்ன ஆனாலும்? அப்ப சர்க்கார் டாக்டர்கிட்டப் பொய் சொல்லி மருந்து வாங்கியிருக்கற. எம் பேரச் சொல்லி வாங்கியிருக்கற. பொய்யின்னா சொல்லு. தலையாரியக் கூப்பிட்டுப் பில்லையக் கழட்டிக் குடுத்துப்போடறேன். அப்பறம் உந் நாய் உனக்கு."

திருமூர்த்திக்குச் சங்கடமாக இருந்தது. "வேற ஏதாவது பாத்துக்கலாமுங்க மாமா, உடுங்க."

"நீ சும்மா இரு மாப்பிள்ள. ஒரு நாய்க்காகவா? அவளே சொல்லட்டும்."

சின்னத்தாயி கருவாயனைப் பார்த்தாள். அது மாப்பிள்ளையின் செருப்பை மோந்துகொண்டிருந்தது.

"இல்லீங்க சாமி" என்றான் மாசாணம். "எசமாங்க நாய்தானுங்க. இவ கெடக்கறா, புத்தியில்லாதவ."

அவனே கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனான். வண்டியின் பின்பக்கத்தில் கருவாயனைத் தூக்கி ஏற்றிக் கட்டினான். நாய் வாலாட்டிக்கொண்டிருந்தது, மாசாணமும் ஏறுவான் என்று நினைத்திருக்க வேண்டும். வண்டி நகர்ந்ததும்தான் குதிக்கப் பார்த்தது. கயிறு இழுத்தது. இட்டேரித் திருப்பம் வரைக்கும் அது குரைத்த சத்தம் கேட்டது.

திரும்பி வந்த மாசாணம் தண்ணீர்ப் பானையை எட்டி உதைத்தான்.

"யாரு நாயின்னு கேட்டா எங்க நாயின்னு சொல்றதுக்கு என்னடி? நாக்குல முள்ளா குத்தியிருந்துச்சு?"

"நீ இப்பச் சொன்னியா?"

அவன் கை ஓங்கியது. ஓங்கியபடியே நின்றது. பிறகு உடைந்த பானை ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. வெள்ளென எழுந்து மேட்டுப்பாளையத்துக்கு நடந்தாள். மாட்டு ஆஸ்பத்திரி வாசலில் வண்டிமாடுகளோடு ஆட்கள் காத்திருந்தார்கள். வரதராஜுலு டாக்டர் ஒரு காளையின் குளம்பில் சீழ் எடுத்துக்கொண்டிருந்தார். காளையைக் கயிறு போட்டுச் சாய்த்து, கொம்பை அழுத்திப் பிடித்து ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். அவள் புளியமரத்தடியில் நின்றாள். கடைசி வண்டியும் போன பிறகு பக்கத்தில் வந்தாள்.

"சாமி, அந்தப் பில்லைய எங்க பேருக்கு மாத்திக் குடுங்க சாமி."

எந்தப் பில்லை, யார் என்று டாக்டருக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆனது. வேலிக்கு வெளியே நாயின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவள். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"யாரு நாயின்னு நான் கேட்டேனா இல்லியா?"

"கேட்டீங்க."

"நீ என்ன சொன்ன?"

"எசமாங்களுதுன்னு சொன்னனுங்க. நாங்க அப்பிடித்தானுங்க சொல்லுவோம். ஊடு யாருதுன்னு கேட்டா எசமாங்களுதுன்னு சொல்லுவோம். நீ யாருன்னு கேட்டா எசமாங்க ஆளுன்னு சொல்லுவோம். எம்படதுன்னு ஒரு பேச்சு வாயில வந்ததே இல்லீங்க. வந்தா அடி வுழுகும். மருவாதிக்குச் சொன்னதுங்க அது. மருவாதிக்குச் சொன்னா எடுத்துக்கறதுங்ளா?"

டாக்டர் துண்டில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"கவுண்டரும் ஆமான்னாரே."

"அவருக்கு நட்டமா, சொல்றதுக்கு?"

"இத பாரும்மா. நான் நாய்க்கு ஊசி போடறவன். யாரு நாயின்னு தீர்ப்புச் சொல்றவன் இல்ல. பேர மாத்தணும்னா அவர் வந்து சொல்லணும். அவர் வருவாரா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அப்பறம் என்னைய என்ன பண்ணச் சொல்ற?" டாக்டரின் குரல் திடீரென உயர்ந்தது. "இந்தத் தாலுக்கா பூராவுக்கும் மருந்து கேட்டேன். மலை மேல பங்களா பங்களாவா நாய் வளக்கற துரைமாருக்கெல்லாம் போட்டு மிச்சத்த எறக்கறாங்க. எறக்கினத அந்தந்த ஊர்ப் பெரிய மனுசங்க வாசல்லயே தீத்துடறாங்க. உங்க ஆளுங்க அன்னிக்கு அந்த வெயில்ல நின்னாங்களே, எனக்குக் கண்ணு தெரியாதா? வெறிநாய் வந்தா முதல்ல யாரக் கடிக்கும்? காட்டுல கெடக்கறவங்களத்தான் கடிக்கும். தெரியும். தெரிஞ்சு?"

"அப்பறம் ஏனுங்க முதல்ல எங்க நாய்க்குப் போடல?"

அவர் உள்ளே போய் அடுப்பில் இருந்த ஊசிப் பாத்திரத்தை இறக்கி வைத்தார்.

"புதுசா ஒரு குட்டி எடுத்து வளத்துக்கறனுங்க" என்றாள் வாசலில் நின்றபடி. "அதுக்காவது போட்டுக் குடுங்க. நானே இங்க தூக்கியாறேன்."

"மருந்து வர ஐப்பசி ஆகும். வந்தா. அதுவரைக்கும் நாய் வெக்காதீங்க, தலையாரி உடமாட்டான்."

"பட்டிக்கு என்னங்க பண்றது?"

"அத உங்க கவுண்டரக் கேளு" என்றார் டாக்டர். கதவைச் சாத்தவும் முடியாமல், அவளைப் பார்க்கவும் முடியாமல், மேசை மேல் இருந்த காலிக் குப்பிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

அவள் பட்டிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ஒரு படல் பிய்ந்து கிடந்தது. மாசாணம் சினை ஆடு ஒன்றின் முன்னங்காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். வேலைக்கு வராமல் எங்கே போனாய் என்று அவன் கேட்கவில்லை. காலையில் கவுண்டர் வந்து போனதைச் சொன்னான்.

"ராத்திரி பட்டிப் பக்கம் சத்தமே காணோமின்னாரு. தூங்கிப்போட்டீங்களான்னாரு. முழிச்சுத்தானுங்க இருந்தோம்னேன். நீங்க முழிச்சிருக்கறது எனக்கு எப்பிடிடா தெரியும்னாரு. நாய் கொரைக்கற சத்தம் கேட்டாத்தான் அவருக்குத் தூக்கம் வருமாமா. கேக்கலீன்னா காவல் இல்லீன்னு அர்த்தமாமா."

"நாயில்லீன்னு சொல்றதுதான?"

"சொன்னேன். அதெல்லாம் என்னுகிட்டச் சொல்லாத, சத்தம் கேக்கோணும்னாரு. இன்னிக்கு ராத்திரியும் கேக்கலீன்னா வேற ஆளு பாத்துக்கறேன்னாரு."

"இந்த ஆட்டுக்கு என்னாச்சு?"

"அவரு போனதும் தகர டப்பாவத் தட்டிப் பாத்தேன்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "பழகாத சத்தமில்ல? மெரண்டு ஒண்ணு மேல ஒண்ணு வுழுந்து படலப் பிச்சுட்டுப் போயிருச்சுக. கரடு வரைக்கும் ஓடி முடுக்கிட்டு வந்தேன். இது பள்ளத்துல வுழுந்துபோச்சு."

சின்னத்தாயி பிய்ந்த படலை நிமிர்த்தி, கற்றாழை நாரால் கட்டினாள். இருவருமாக ஆடுகளை எண்ணி உள்ளே விட்டார்கள். அவள் கூழ் கரைத்துக் கொடுத்தாள். அவன் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டான். மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கியது. கவுண்டர் வீட்டில் விளக்கு வைத்தார்கள். கரட்டின் மேலிருந்து முதல் நரி ஊளையிட்டது. படலுக்குள் ஆடுகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டு ஒன்றோடொன்று நெருங்கின.

மாசாணம் எழுந்து பட்டியின் மூலைக்குப் போனான். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். உள்ளங்கைகளை வாய்க்கு இருபுறமும் குவித்தான்.

பிறகு குரைத்தான்.

சின்னத்தாயிக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் மறுபடியும் குரைத்தான். இந்தத் தடவை நன்றாக வந்தது, அடிவயிற்றிலிருந்து, இரண்டு குட்டைக் குரைப்பும் ஒரு நீளக் குரைப்புமாக. அது பழகிய சத்தம். படலுக்குள் ஆடுகள் தலையைத் தாழ்த்தி மறுபடி அசைபோட ஆரம்பித்தன. கரட்டில் நரி வாயை மூடியது. கவுண்டரின் வாசலிலிருந்து வேட்டை நாய்கள் பதில் குரைத்தன.

அவன் குரைத்துக்கொண்டே பட்டியைச் சுற்றி நடந்தான். சுற்றி வந்தபோது இருமல் பிடித்துக்கொண்டது. குந்தி உட்கார்ந்து முழங்காலில் நெற்றியை வைத்து இருமினான். குரல் கரகரத்துப் போயிருந்தது.

"எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சு" என்றான் அவளைப் பார்க்காமல். "நீ அக்கட்டால போ. கரட்டுப் பக்கம்."

சின்னத்தாயி எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டியைச் சுற்றிக்கொண்டு கரட்டுப் பக்கம் போனாள். முதலில் இருமல்போலத்தான் வந்தது. எச்சிலைக் கூட்டி விழுங்கிவிட்டு, படலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டிக் குரைத்தாள். மூலையிலிருந்து மாசாணம் கரகரத்த குரலில் சேர்ந்துகொண்டான்.

கவுண்டர் வீட்டில் விளக்கு அணைந்தது.